மூடி வச்ச டீ

டீ இன்னும் சூடாத்தான் இருக்கு, தொட்டுப் பார்க்க வேண்டியதில்ல, கவுத்து வச்ச சாசரோட அடியில ஆவி கோத்து ஒரு சொட்டு எறங்கலாமா வேண்டாமான்னு தொங்கிக்கிட்டிருக்கு, அதுவே போதும், இன்னும் ஒரு கா மணி நேரம் எதிர்த்தாப்புல இருக்கிற நாற்காலி என்னுது, யாரும் கேட்க முடியாது. விக்டரி டீ ரூம்ல இது சட்டம். எழுதி மாட்டலை, ஆனா கல்லாவுக்கு மேல தொங்குற 'புகை பிடிக்கக் கூடாது' போர்டை விட இதுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. வராத ஆளுக்கு இடம் பிடிக்கணும்னா அந்த ஆளுக்கும் ஒரு டீ சொல்லணும், சாசரைக் கவுத்து மூடணும், டீ ஆறுற வரைக்கும் இடம் நிக்கும். ஆறிடுச்சா இல்லையான்னு பார்க்கிறது சர்வர் கோட்டைச்சாமி. புறங்கையால கப்பைத் தொடுவான், காய்ச்சலுக்கு நெத்தியத் தொடுற மாதிரி, அப்புறம் ஒண்ணு தலையை ஆட்டிட்டுப் போவான், இல்லன்னா "நாலாம் நம்பர் காலி"ன்னு சத்தம் போடுவான். ரெண்டு தடவைதான் மூடலாம். மூணாவது தடவை மூடணும்னு சொன்ன ஒருத்தர்கிட்ட ஒருநாள் கோட்டைச்சாமி சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, "அண்ணாச்சி, ரெண்டு டீ வரைக்கும் அது காத்திருக்கிறது, அதுக்கு மேல அது வியாதி." இன்னைக்கு நான் நாலாம் நம்பர், இந்த டீயைச் சொல்லி அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு. மணி நாலு அடிக்க இன்னும் ரெண்டு நிமிஷம். ஜெராக்ஸ் கடை மங்கையர்க்கரசி நாலு மணின்னுதான் சொன்னாங்க. நான் மூணு இருபதுக்கே வந்துட்டேன், காலேஜ்லயும் அப்படித்தான், பையங்க வர்றதுக்கு முன்னாடியே லேபைத் திறந்து ஸ்டாப் வாட்சுக்கெல்லாம் சாவி குடுத்து வைக்கணும், இருபத்தெட்டு வருஷப் பழக்கம், கல்யாண விஷயம்னா மட்டும் மாறிடுமா.

கல்யாண விஷயம்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்ததுக்கே காது சூடாகுது. அம்பத்தி நாலு வயசு. வாசலுக்கு நேரா பார்த்து உட்கார்ந்திருக்கேன், யாரு வந்தாலும் மொதல்ல நான்தான் பார்ப்பேன், ஆவணி மூல வீதி வெயில் வாசப்படியில வெள்ளையா கெடக்கு, அதுல ஒரு நிழல் விழுந்தாப் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துக்கிறேன், அப்புறம் பார்த்தா வளையல் பொட்டியைத் தலையில வச்சுக்கிட்டு ஒருத்தரு, கோயிலுக்கு வழி கேட்க ஒரு வடநாட்டுக்காரரு, ஒரு நாய். நாய் உள்ள எட்டிப் பார்த்துட்டு, என்னைய மாதிரியே யாரையோ தேடிட்டு, கெடைக்காம போயிருச்சு. "யாருண்ணே வர்றா?"ன்னு கோட்டைச்சாமி டீயை வைக்கும்போதே கேட்டான். "தெரிஞ்ச ஆளு"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "சட்டையப் பார்த்தா தெரிஞ்ச ஆளுக்குப் போட்ட சட்டையாத் தெரியலையே. இஸ்திரி மடிப்பு கையை வெட்டும் போல இருக்கு." "பேங்க் மேனேஜர் வர்றாரு"ன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமையா?"ன்னான். எனக்குப் பொய் சொல்றதுல முன் அனுபவம் கம்மி. சட்டையைப் பத்தி கயல்விழியும் காலைல போன்ல சொன்னா, என் மக, கோயம்புத்தூர்ல இருக்கா, "அப்பா, உங்க இஷ்டம்தான், எனக்கு சந்தோஷந்தான், ஆனா சட்டையை மட்டும் இன் பண்ணிக்கிட்டுப் போகாதீங்க, டிசி வாங்க வந்த மாதிரி இருக்கும்." அவ சந்தோஷம்னு சொன்னதுக்கும் ஆனான்னு சொன்னதுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருந்துச்சோ. இருந்துச்சு. ஒரு அரை செகண்டு. ஸ்டாப் வாட்சு வச்சுப் பொழச்சவனுக்கு அரை செகண்டு பெரிய விஷயம். ஆனா அதுக்கு டவர் கூட காரணமா இருக்கலாம்.

நாலு அடிச்சிருச்சு. வாசல்ல யாருமில்ல. சரி, நாலுன்னா நாலே காலு. மதுரையில நாலு மணிக்கு நாலு மணிக்கே வர்றது ரயில்வே கேட் மட்டுந்தான், அதுவும் மூடுறதுக்கு. சூடு எப்படி எறங்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். நான் படிச்சது ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது, ஆனா பி.எஸ்சி. மொத வருஷ பிராக்டிகலை இருபத்தெட்டு தடவை படிச்சிருக்கேன், பேராசிரியருக்குத் தொண்டை கட்டினா நான்தான் சொல்லிக் குடுப்பேன். கொதிக்கிற தண்ணிய கலோரிமீட்டர்ல ஊத்தி, நிமிஷத்துக்கு ஒருக்க தெர்மாமீட்டரப் பார்த்து எழுதணும். மொத அஞ்சு நிமிஷம் சரசரன்னு எறங்கும். அப்புறம் பைய. அப்புறம் எறங்குதா நிக்குதான்னே தெரியாம ஒரு எறக்கம். வெளிய இருக்கிற சூட்டுக்கும் உள்ள இருக்கிற சூட்டுக்கும் எம்புட்டு வித்தியாசமோ அம்புட்டு வேகம். பையங்க பாதில அலுத்துப்போயி மீதிய வீட்டுல உட்கார்ந்து மனசுல தோணுனதை எழுதிக்கிட்டு வந்துருவாங்க, வளைவு அவ்வளவு அழகா வரும், உண்மையா எடுத்தா அப்படி வராது, ஒரு பையன் தும்மியிருப்பான், ஃபேன் போட்டிருப்பாங்க, ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்கும். இதைப் பத்தித்தான் மங்கையர்க்கரசியும் மொதல் மொதல்ல என்கிட்ட கேட்டாங்க. காலேஜ் வாசலுக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க, ஆறு வருஷமாச்சு, லேப் கையேடு பூரா அங்கதான் காப்பி எடுப்பேன். மொத வருஷம் ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது வருஷம் அந்த அட்டவணைப் பக்கத்தைக் கையில வச்சுக்கிட்டு, "ஏன் சார், போன வருஷமும் இதே கணக்குத்தானே, விடைதான் தெரியும்ல, எதுக்குத் திரும்பத் திரும்ப செய்றாங்க?"ன்னு கேட்டாங்க. பேராசிரியருங்க யாரும் கேட்காத கேள்வி. "விடை தெரியும்மா, பையங்களைத்தான் தெரியாது"ன்னேன். சிரிச்சாங்க. முன்பல்லுல ஒண்ணு லேசா இன்னொண்ணு மேல ஏறியிருக்கும். அன்னைலருந்து தேவையில்லாத பக்கமெல்லாம் காப்பி எடுத்துக்கிட்டிருக்கேன்.

கோட்டைச்சாமி வந்து புறங்கையால தொட்டுட்டு, உதட்டைப் பிதுக்கிட்டுப் போறான். இன்னும் இருக்குன்னு அர்த்தம், ஆனா ரொம்ப நம்பாதன்னும் அர்த்தம். மேல பார்த்தா தேக்கு உத்தரம், அதுலருந்து எட்டடிக்குத் தொங்குற ஃபேன், சுத்துதா யோசிக்குதான்னு தெரியாத வேகம், பளிங்கு மேசையில பழுப்பா ஒரு விரிசல், அதை நான் வந்த நாள்லருந்து பார்க்கிறேன், வளரலை, மதுரையில வளராத ஒரே விஷயம் அதுதான். உலக யுத்தம் முடிஞ்ச வருஷம் தொறந்தது, அதான் விக்டரி, யாரு ஜெயிச்சா இவங்களுக்கென்னன்னு தெரியல, ஆனா பேரு நின்னுபோச்சு. இப்ப இதைப் பார்க்கவே ஆளு கூட்டிட்டு வர்றாங்க. இந்தா வந்தாச்சு, ஞாயித்துக்கிழமை நடைப்பயணக் கூட்டம், பன்னெண்டு பேரு, எல்லாத்து காதுலயும் ஒரு வயரு, முன்னாடி ஒரு வழிகாட்டித் தம்பி, கழுத்துல மைக்கு. வாசலை மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க, எனக்கு வாசல் தெரியல, எழுந்திரிச்சு எட்டிப் பார்க்கிறேன், "சார் உட்காருங்க சார், நீங்க அப்படியே இருங்க"ன்னு அந்தத் தம்பி என்னையே கை காட்டுறான். "இதைத்தான் சொன்னேன். எதிர் சீட்டு கப்பைப் பாருங்க, சாசர் மூடியிருக்கு. மில்லு ஷிப்டு விட்டு கூட்டங்கூட்டமா வந்த காலத்துல, பின்னாடி வர்ற கூட்டாளிக்கு இடம் பிடிக்க ஆரம்பிச்ச பழக்கம். டீ ஆறிடுச்சுன்னா நட்பும் ஆறிடுச்சுன்னு விளையாட்டாச் சொல்லுவாங்க." அப்படி யாரும் இங்க சொல்லி நான் கேட்டதில்ல, இவன் நேத்து ராத்திரி யோசிச்சிருப்பான். பன்னெண்டு போனும் என்னைப் பார்த்து நீளுது. சாசரை எடுத்தாங்க, என்னை எடுத்தாங்க, சாசரையும் என்னையும் சேர்த்து எடுத்தாங்க. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, "அங்கிள், யாருக்காக வெயிட் பண்றீங்க?"ன்னு கேட்டுச்சு. நல்ல பொண்ணு, உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்குது. "டீ ஆறுறதுக்கு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவங்க மறைச்சுக்கிட்டு நின்ன அந்த அஞ்சு நிமிஷத்துல மங்கையர்க்கரசி வாசல் வரைக்கும் வந்து, உள்ள ஒரு பொருட்காட்சி நடக்குது, நடுவுல நான் ஸ்டஃப் பண்ணி வச்ச புலி மாதிரி உட்கார்ந்திருக்கேன்னு பார்த்துட்டு, திரும்பிப் போயிருந்தா.

போன் பண்ணிக் கேட்கலாம். பண்ணக் கூடாது. அது அவங்க போட்ட கண்டிஷன். போன வாரம் புதன்கிழமை, அந்த அட்டவணைப் பக்கத்தை அறுபது காப்பி எடுக்கக் குடுத்திருந்தேன், மிஷின் கடகடன்னு ஓடுது, வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில அங்கிட்டும் இங்கிட்டும் போய்ட்டு வருது, அந்தச் சத்தத்துல சொன்னா பாதி கேட்கும் பாதி கேட்காது, கேட்காத பாதியைச் சாக்கா வச்சுத் தப்பிச்சுக்கலாம்னு ஒரு தைரியத்துல ஆரம்பிச்சேன், "ஏங்க, நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன்"ன்னு. சரியா "சேர்ந்து இருந்தா என்ன"ங்கிற இடத்துல மிஷின்ல பேப்பர் சிக்கி டக்குன்னு நின்னுருச்சு. அந்த வார்த்தை மட்டும் கடை பூரா கேட்டுச்சு. பக்கத்துல பென் டிரைவ் வச்சுக்கிட்டு ஒரு எம்.காம். பொண்ணு நின்னுச்சு, அது மேல ஃபேனைப் பார்க்க ஆரம்பிச்சிருச்சு. மங்கையர்க்கரசி மிஷின் கதவைத் திறந்தாங்க, உள்ள கையை விட்டாங்க, சிக்குன பேப்பரைக் கிழியாம பைய இழுத்து வெளிய எடுத்தாங்க, விரல்ல மை. அந்தப் பேப்பரை நீவி விட்டு, ஒரு பக்கம் நல்லா இருக்கிறதை வீணடிக்க மாட்டாங்க, கல்லாவுக்கு அடியில அடுக்கி வச்சுக்குவாங்க, ரசீது எழுதுறதும் அதுலதான், விசிறிக்கிறதும் அதுலதான், அதை வச்சுட்டுத்தான் வாயைத் திறந்தாங்க. "ஞாயித்துக்கிழமை நாலு மணி. விக்டரி டீ ரூம். வந்தேன்னா சரின்னு வச்சுக்கங்க. வரலைன்னா திங்கக்கிழமை வழக்கம் போல காப்பி எடுக்க வாங்க, நீங்களும் கேட்கலை, நானும் கேட்கலை. நடுவுல போன் பண்ணக் கூடாது. போன்ல கேட்டா மனசுல என்ன இருக்குன்னு தெரியாமலே நான் சரின்னு சொல்லிருவேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை அஞ்சு நாளா திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நல்ல சேதியா கெட்ட சேதியா. ஒரு நாளைக்கு நல்லது, ஒரு நாளைக்குக் கெட்டது. வழக்கம் போல காப்பி எடுக்க வாங்கன்னா எப்படி வர்றது. வர முடியாது. மேலத் தெருவுல இன்னொரு கடை இருக்கு, அந்த ஆளு எல்லாப் பக்கத்தையும் கோணலா எடுப்பாரு. மிச்சமிருக்கிற நாலு வருஷ சர்வீசுக்கும் எங்க லேப் கையேடு கோணலாத்தான் இருக்கப் போகுது, பையங்களுக்குக் காரணம் தெரியாது.

"அண்ணே, ஆறிப்போச்சு"ங்கிறான் கோட்டைச்சாமி. குரலை எறக்கித்தான் சொல்றான், சத்தம் போடலை, அதுவரைக்கும் நல்லவன். மணி நாலு இருபத்தி ரெண்டு. "இன்னொண்ணு"ன்னேன். "இதுதான் கடைசி"ன்னான். "தெரியும்." "மேனேஜரு வட்டி ரொம்பக் கேட்டாரோ?" "கோட்டைச்சாமி, நீ டீயைக் கொண்டா." ஆறின டீயை எடுத்து நானே குடிச்சேன், வேற யாரு குடிப்பா, ஏடு உதட்டுல ஒட்டுது. என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் இருந்தா அதைத் துடைன்னு சொல்லியிருப்பா. அவ போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷம். இப்பவும் ஏதாச்சும் உதட்டுல ஒட்டினா அவ குரல்லதான் கேட்குது. ஒரு தடவை கேட்டா, கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம் இருக்கும், "தெனம் சாயங்காலம் போறீகளே அந்த டீ ரூமு, என்னைய ஒருநாள் கூட்டிட்டுப் போனா என்ன?"ன்னு. "அங்க ஒண்ணும் பெருசா இல்ல"ன்னேன். பொய்யில்ல, ஒரு டீயும் ஒரு வடையும்தான், ஆனா கூட்டிட்டுப் போயிருக்கலாம். அவ மறுபடி கேட்கலை. சண்டை போட்டிருந்தா நான் மறந்திருப்பேன், சண்டை போடலை, அதான் இப்பவும் அந்தக் கேள்வி அப்படியே நிக்குது. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு பொம்பளையாளோட இந்த வாசப்படியை நான் மிதிச்சதில்ல. இன்னைக்குத்தான் மொதல் தடவை, அதுவும் பாதிதான், நான் மட்டும் வந்திருக்கேன். பஞ்சவர்ணத்துக்கு இதுல கோவம் இருக்குமோ. இருக்காது. அவளைக் கூட்டிட்டு வராத எடத்தைப் பத்தி வேணா இருக்கும்.

ரெண்டாவது டீ. சாசரை நானே மூடுனேன். இது போனா நாற்காலி போச்சு. மனசு இப்ப எங்கெங்கியோ ஓடுது, பஸ் கெடைச்சிருக்காது, ஞாயித்துக்கிழமை, ஆனா பெரியார் நிலையத்துப் பக்கத்துல இருக்கிற அவங்க வீட்டுலருந்து நடந்தே வந்துரலாம், பஸ் எதுக்கு, அவங்களுக்குத் தம்பிமாரு ரெண்டு பேரு, அவங்களைப் படிக்க வச்சுக் கல்யாணம் பண்ணி வச்சுட்டுத் திரும்பிப் பார்க்கும்போது இவங்களுக்கு நாப்பத்தி மூணு, கடையை அப்பத்தான் போட்டாங்க, தம்பிமாரு இப்ப வந்து அக்கா இந்த வயசுல என்ன இதுன்னு கேட்டிருப்பாங்களோ. இந்த வயசுலங்கிற வார்த்தையை எல்லாரும் எவ்வளவு சுளுவாச் சொல்றாங்க. அந்த வயசுல எங்க இருந்தீங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க. இல்ல, தம்பிமாரு மேல ஏன் பழியைப் போடணும், யாரும் தடுக்கலை, அவங்களே உட்கார்ந்து யோசிச்சிருப்பாங்க, லேப் அட்டெண்டர், சொட்டை, சாப்பிடும்போது பேப்பர் படிப்பான், இதுக்குப் போயி எதுக்குன்னு. நியாயந்தான். நானே பொண்ணு வீட்டுக்காரனா இருந்தா எனக்குக் குடுக்க மாட்டேன். நெஞ்சுல இடது பக்கம் ஒரு பிடிப்பு. இது வாயு. வடை சாப்பிட்டது தப்பு. வாயு இல்லைன்னா. இங்க விழுந்தா கோட்டைச்சாமி புறங்கையால தொட்டுப் பார்த்துட்டு நாலாம் நம்பர் காலின்னு சொல்லுவான். சிரிப்பு வந்துருச்சு, தனியா சிரிக்கிறவனைப் பார்த்து மூணாம் நம்பர் ஆளு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிறாரு.

டீ மாஸ்டர்கிட்ட யாரோ சத்தம் போடுறாங்க. ராக்கம்மா. ஹாலுக்குப் பின்னாடி பச்சைத் திரை ஒண்ணு தொங்கும், அந்தப் பக்கம் இருக்கிற அறைக்கு ராக்கம்மாதான் ராணி, பரிமாற, பாத்திரம் எடுக்க, சட்டம் பேச எல்லாம் அதுதான், நான் அந்தத் திரைக்கு அங்கிட்டு போனதில்ல. "இன்னொரு டீ போடுய்யா, மூடி வைக்கத்தான்." "ராக்கு, இது மூணாவது, கணக்கு மீறுது"ங்கிறாரு மாஸ்டர். "மீறட்டும். உன் வீட்டுச் சொத்தா? அந்தப் புள்ள மூணரை மணிலருந்து ஒத்தையில உட்கார்ந்திருக்கு. எவனோ வர்றேன்னு சொல்லிட்டு வரலை போல. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை, ஆனா மூஞ்சியப் பார்த்தாத் தெரியாதா?" எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. நமக்குத்தான் இப்படின்னு நெனச்சோம், திரைக்கு அங்கிட்டும் ஒரு ஜீவன் இதே பாட்டைத்தான் படுது. ஆம்பளை காத்திருந்தா ஃபோட்டோ எடுக்கிறாங்க, பொம்பளை காத்திருந்தா நாலு பேரு நாலு விதமாப் பார்ப்பாங்க. எந்தக் கழிசடையோ. வர முடியலைன்னா ஒரு ஆள் மூலமா சொல்லி அனுப்பலாம்ல. "கேடுகெட்ட பயலா இருப்பான்"னு கோட்டைச்சாமிகிட்ட சொன்னேன். "யாருண்ணே?" "அந்தம்மாவைக் காக்க வச்சவன்." "ஆமாமா, கட்டி வச்சு ஒதைக்கணும்"னான். ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் அவனை மனசாரத் திட்டினோம். கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. ராக்கம்மா டீயை வாங்கிக்கிட்டே, "கொசுவும் புழுக்கமும் உள்ள, ஃபேன் வேற ஓடலை, பாவம், பையிலருந்து பேப்பர்க் கட்டை எடுத்து வச்சு விசிறிக்கிட்டிருக்கு, எனக்கும் ஒண்ணு குடுத்துச்சு, பாரு"ன்னு இடுப்புலருந்து ஒரு தாளை உருவி மாஸ்டர் முன்னாடி ஆட்டுது. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு பக்கம் வெள்ளை. ஆட்டுறப்ப இன்னொரு பக்கம் தெரியுது. கட்டம் கட்டமா. நேரம் நிமிஷத்தில். வெப்பநிலை டிகிரியில். எங்க அட்டவணை. நடுவுல ஒரு மடிப்பு, மிஷின்ல சிக்குன மடிப்பு.

எழுந்திரிச்சதுல நாற்காலி விழுந்துச்சு. "அண்ணே?"ன்னான் கோட்டைச்சாமி. "அந்த அறைக்கு வேற வாசல் இருக்கா?"ன்னு கேட்டேன். "சந்துப் பக்கம் இருக்கே. ஃபேமிலி ரூம்ண்ணே அது. பொம்பளையாளுக முக்காவாசிப் பேரு அப்படித்தான் வருவாக, ஹாலு பக்கம் எதுக்கு வரணும்?" அவன் சொல்லி முடிக்கல, என் மூஞ்சிய ஒரு தடவை பார்த்தான், சட்டைய ஒரு தடவை பார்த்தான், மூடி வச்ச கப்பை ஒரு தடவை பார்த்தான். "அடப் பாவி மனுசா. பேங்க் மேனேஜரா?" "மெதுவாப் பேசு." "பொம்பளையாளுன்னு வந்ததுமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திரைக்கு அங்கிட்டு கேட்டுட்டு வந்திருப்பேன்ல! ஒன்றரை மணி நேரமா நீ இங்கிட்டு அது அங்கிட்டு, நடுவுல ஒரு துணி!" துணிதான். பன்னெண்டு அடி கூட இருக்காது. இருபத்தெட்டு வருஷமா வர்றேன், எனக்குத் தெரிஞ்ச டீ ரூம் இது, அவங்க சின்ன வயசுலருந்து அம்மா கூட வந்திருப்பாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச டீ ரூம் அது, ரெண்டுக்கும் ஒரே போர்டு. என்ன நெனச்சிருப்பாங்க. அவங்க வந்துட்டாங்க. சரின்னு சொல்லிட்டாங்க. மூணரை மணிக்கே சொல்லிட்டாங்க. நான்தான் வரலை. அவங்க பக்கத்துலருந்து பார்த்தா கேட்டவனே வரலை. கூசுது. கால் ரெண்டும் திரையைப் பார்க்க நடக்குது.

ராக்கம்மா குறுக்க நின்னுச்சு. கையில டீ, இடுப்புல தாளு. "எங்க போறீரு? ஆம்பளை தனியா உள்ள வரக் கூடாது." "என்னைத்தான் அவங்க—" "அதெல்லாம் அவுக சொல்லணும். உள்ள இருக்கிற பொம்பளை நம்ம ஆளுன்னு சொன்னாத்தான் திரை விலகும். இன்னைக்கு நேத்து சட்டமில்ல." கோட்டைச்சாமி பின்னாடியே வந்து, "ராக்கு, விடு, நல்ல ஆளுதான்"ங்கிறான். "நல்ல ஆளா? இப்பத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து அவனை ஒதைக்கணும்னீங்க." ராக்கம்மா திரைக்கு இந்தப் பக்கமே நின்னு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "தாயி, இங்க ஒருத்தரு நிக்கிறாரு, சொட்டை விழுந்த ஆளு, நீலச் சட்டை. இவரு உனக்கு என்ன வேணும்?"னு கேட்டுச்சு. நான் அந்தக் கேள்விக்கு விடை யோசிச்சுப் பார்க்கிறேன், கஸ்டமர்னு சொல்லலாம், தெரிஞ்சவருன்னு சொல்லலாம், யாருன்னே தெரியாதுன்னு சொல்லவும் நியாயம் இருக்கு. பச்சைத் துணியில ஒரு ஒட்டு, வேற பச்சை. அப்புறம் மங்கையர்க்கரசி குரல், கடையில பேசுற அதே குரல், ஆனா கொஞ்சம் மூக்கடைச்சிருக்கு, "எத்தனை மணிக்கு வந்தாருன்னு கேளுங்க." "மூணு இருபது"ன்னேன். "எங்க உட்கார்ந்திருந்தாருன்னு கேளுங்க." "நாலாம் நம்பர்ல தாயி"ன்னு கோட்டைச்சாமி முந்திக்கிட்டான், "ரெண்டு டீ மூடி வச்சாரு, வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாரு, நான் சாட்சி. எனக்கும் உண்மையைச் சொல்லலை." மூக்கை உறிஞ்சுற மாதிரி ஒண்ணு கேட்டுச்சு, சிரிப்பாவும் இருக்கலாம். "எங்க வீட்டு ஆளுதான்"னாங்க. "உள்ள விடுங்க."

ராக்கம்மா திரையை ஒரு முழம் விலக்கி, நான் குனிஞ்சு போற வரைக்கும் என்னை முறைச்சுக்கிட்டே நின்னுச்சு. உள்ள நாலே மேசை. மூலையில, மாம்பழக் கலர் சேலை, இதைக் கடையில நான் பார்த்ததில்ல, முன்னாடி மூடின கப்பு, கண்ணு செவந்து போயி, நெத்தியில வேர்வையில குங்குமம் லேசாக் கரைஞ்சிருக்கு. உட்காருங்க சார்னு கூடச் சொல்லலை. நானா எதிர்த்தாப்புல உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன், கையை ஆட்டி நிறுத்திட்டாங்க. "உங்க வீட்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது?"ன்னு கேட்டாங்க. "நாலு நாளைக்கு ஒருக்க"ன்னேன். "எங்க தெருவுல ஒண்ணு விட்டு ஒருநாள். மோட்டார் போட வேண்டியதில்ல, மாடிக்கே ஏறும்"னாங்க. நான் தலையை ஆட்டினேன். புரியறதுக்கு ஒரு அஞ்சு செகண்டு ஆச்சு, அதை அவங்க கவனிச்சாங்க. "உங்க சாமான் எம்புட்டு இருக்கும்?" "குட்டியானை வண்டியில ஒரு லோடு வரும்"னேன். "பாதியைக் குறைங்க"ன்னாங்க.